மூன்று அப்பொலின்கள்

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த அறையில் இருந்தது நான். 1986 டிசம்பர் 11, வியாழக்கிழமை.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். பெண் பிறந்தால் எங்கள் வம்சத்துப் பெயர் ஒன்றை வைக்க ஆசை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க, கியூபெக் நகரிலிருந்து பஸ் ஏறி சேன்-ஃபிர்மேன் பங்குக் கோயிலுக்குப் போனேன்.

“பேரு தேடி இருநூறு வருஷம் பின்னாடி போறவ நீ ஒருத்திதான்டி” என்று என் கணவர் ரெயால் காலையிலேயே கேலி செய்தார்.

கோயில்பிள்ளை கிளெயோஃபாஸ் கிழவர் பதிவேடுகள் இருந்த நிலவறையின் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டார்.

“நாலரைக்குப் பூட்டிருவேன்மா. செத்தவங்க எங்கேயும் ஓடிர மாட்டாங்க. உங்க பஸ்ஸு ஓடிரும்.”

பனி அள்ள வெளியே போய்விட்டார். மணி 3:20.

எங்கள் குடும்பப் பெயர் ‘பெர்த்தியோம் என்கிற சான்சூசி’. சான்சூசி என்றால் கவலையற்றவன்; பட்டாளத்தில் முதல் மூதாதைக்கு வைத்த பட்டப்பெயர். ஆண்களைத் தேடுவது சுலபம். பெண் பிள்ளைகள்தான் குழப்பம். எல்லோருக்கும் முதல் பெயர் மரி. அதற்குப் பின்னால் வருவதுதான் கூப்பிடும் பெயர். ஒரு குழந்தை இறந்துவிட்டால், அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைத்துவிடுவார்கள்.

1749, மரி-அப்பொலின். பதினோரு நாளில் அடக்கம்.

1751, மரி-அப்பொலின். ஒன்பது நாள்.

1752, மறுபடியும் மரி-அப்பொலின். நான்கே நாள்.

1754இல் பிறந்தவளுக்கு மட்டும் ஏனோ வேறு பெயர்.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

“அப்பொலின்...”

“ம்?”

மணி 4:12.

சின்னக் குரல். அலமாரிப் பக்கமிருந்து. வெளியே மண்வாரிச் சத்தம் நிற்கவில்லை. சர்... சர்... கிழவர் வெளியேதான் இருந்தார்.

பிரமை என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

“அப்பொலின்.”

“ம்?” அலமாரிப் பக்கம்.

“ம்?” கதவுப் பக்கம்.

என் வயிற்றில் குழந்தை அசைவதை நிறுத்தியிருந்தது.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

யாருமில்லை.

பாவாடையின் ஓரத்தை ஏதோ இழுத்தது...

மெதுவாக...

“ம்?”

மேஜைக்கு அடியில்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. பனியில் போய் விழுந்தேன். கிளெயோஃபாஸ் ஓடிவந்து தூக்கினார்.

“என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?”

“கீழே... பிள்ளைங்க யாராவது...”

“பிள்ளைங்களா? உங்களுக்காகத்தான் இன்னிக்கு அந்த அறையையே திறந்தேன்.”

பஸ்ஸில், 5:05க்குத்தான் குழந்தை மறுபடி உதைத்தது. அதுவரை நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரியில் மகள் பிறந்தாள். நலமாக இருக்கிறாள். லுசியேன் என்று பெயர் வைத்தோம்.

மே மாதம் ஒரு விஷயம் தெரியவந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதி எழுதுவார்களாம். ஒன்று கோயிலுக்கு, இன்னொன்று அரசாங்கத்துக்கு. ரெயாலையும் கூட்டிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

கோயில் பிரதியில் ஓரம் வெறுமையாக இருந்தது. இதில், 1754ஆம் ஆண்டு ஞானஸ்நானத்துக்குப் பக்கத்தில், பங்குச் சாமியார் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்.

“தாய் கேட்டுக்கொண்டபடி இவளுக்குப் பழைய பெயர் சூட்டவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இறந்த மூன்று பேரும் பதில் தருகிறார்களாம். நான் நம்பாமல் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அதிலிருந்து அவர்கள் என்னோடு இருக்கிறார்கள்.”