சித்தி சொல்லாத அளவு

சித்தியின் தையல் கடை ஒரே அறை; நடுவில் ஒரு திரை. உள்ளே சித்தி பெண்களுக்கு அளவெடுப்பாள். வெளியே மெஷினில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா அதைத் துணியின் ஓரத்தில் சாக்கட்டியால் குறித்துக்கொள்வார்.

"தோள் பதினாலு."

"ம். அப்புறம்?"

"கை ஒம்போது."

"ம். அப்புறம்?"

"முப்பத்தாறு."

இதற்கு மட்டும் சித்தப்பா பதில் சொல்ல மாட்டார். அந்த எண்ணுக்கு அந்தக் கடையில் பெயர் கிடையாது. ஒரு வாடிக்கைக்காரப் பெண், "ஏங்க்கா, பாவம், அதுக்கு ஒரு பேர் வைக்கக் கூடாதா?" என்று சிரித்தாள். சித்தி முகம் சிவந்து, "கையத் தூக்கும்மா, பேசாம நில்லு" என்றாள்.

குளிக்கும்போது இடது பக்கம் தட்டுப்பட்ட கட்டியை, சித்தி இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "தோள்பட்டை வலிக்குதுடி. டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது, நீ கூட வா" என்றுதான் என்னை அழைத்தாள். சித்தப்பாவிடம் சொன்னதும் அதே தோள்பட்டை வலிதான்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு திரை இருந்தது. சித்தப்பா அதற்கு வெளியே பெஞ்சில். டாக்டர் தோளை அழுத்திப் பார்த்தார், கையைச் சுழற்றச் சொன்னார். கோளாறு எதுவும் இல்லை, தைலம் தேய்த்தால் போதும் என்றார். நான் சித்தியிடம் அதைத் தமிழில் சொன்னேன். சித்தி கட்டிலை விட்டு இறங்கவில்லை. விரிப்பின் ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"சித்தி, போலாமா?"

"தோள் இல்லடி."

"பின்ன எங்க?"

தலையைத் தூக்காமல் சொன்னாள். "முலையில. எடது முலையில கட்டி."

எனக்குக் காது சுட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் படம் பார்த்து, பாகம் குறித்துப் படித்திருக்கிறேன். தமிழில் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. செய்யுளில் வந்தால் எங்கள் டீச்சர் அந்த அடியை மட்டும் மளமளவென்று கடந்துவிடுவார். நான் டாக்டரிடம் சொன்னபோது குரல் தரையைப் பார்த்துத்தான் வந்தது.

டாக்டர் கையுறையை எடுத்தார். சித்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே பெஞ்ச் கிரீச்சிட்டது. சித்தப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

திரையை அவர் விலக்கவில்லை. அதற்கு மிக அருகில் வந்து நின்றார். செருப்பு மட்டும் தெரிந்தது.

"ம்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்புறம்?"

"ரெண்டு மாசமாச்சுங்க" என்றாள் சித்தி, விரல்களுக்குள்ளிருந்தே.