மூன்று பெயருள்ள டிக்கெட்காரி

ஆமை என்று பெயர் வைத்துக்கொண்டு ஆகாய விமானத்துக்கு டிக்கெட் விற்கிறவளை எப்படி நம்புவது? தாய்லாந்தில் எங்கள் கோன் கேன் பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, கோழி சுடுகிற சேங்கின் கடைக்குப் பக்கத்தில் அவள் கடை. படிக்கிற பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் மட்டும் தூரதேசப் பயணம் ஏற்பாடு செய்து தருவாள். எல்லோரும் அவளைத் தாவ் அக்கா என்பார்கள். தாவ் என்றால் எங்கள் பேச்சில் ஆமை. பிறந்தபோது அழுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டாளாம், தகப்பன் வைத்த செல்லப்பெயர்.

சின்னவர்களுக்கு மட்டும் விற்கிறாள் என்பதே எனக்கு முதலில் உறுத்தியது. அவர்களுக்கு விலையைக் குறைத்துத் தருகிறார்கள் என்று என் பேத்தி பிரிக் சொன்னாள். யார் யாருக்குச் சும்மா குறைப்பார்கள்? வயதானவர்களுக்கு விற்றால் கேள்வி கேட்பார்கள். அதுதான் காரணம் என்று நான் நினைத்தேன்.

பிரிக்கை நான்தான் வளர்த்தேன். பிரிக் என்றால் மிளகாய், அதுவும் செல்லப்பெயர்தான். அவள் அம்மா, என் மகள் புவாலை, ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு நார்வேக்குப் போய்விட்டாள். போனபோது பிரிக் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு தாயும் மகளும் போனில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். இப்போது நாற்பது தாண்டிய வயதில் புவாலைக்கு இன்னொரு பிள்ளை உண்டாகியிருந்தது. டாக்டர் என்னவோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார். "பிரசவத்துக்கு முன்னாடி என் மக என் பக்கத்துல இருக்கணும்மா, அவ்வளவுதான்" என்று போனில் அழுதாள். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனோம். நானும் கூடவே போனேன். போகாமல் இருப்பேனா?

தாவ் நாற்பது வயதுக்காரி. செருப்பைக் கழற்றிப்போட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து புளித்த மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"அடையாள அட்டையில என்ன பேரு இருக்கோ அதச் சொல்லு கண்ணு. மிளகாய்னு டிக்கெட் போட்டா உன்னையச் சந்தையிலதான் எறக்கி விடுவாங்க."

"ரத்சனி, அக்கா."

"முன்னாடி பேர மாத்தியிருக்கியா?"

"இல்லக்கா."

"இனிமே மாத்தற யோசனை?"

"இல்லக்கா."

"போய்ட்டு வர்ற வரைக்கும் எந்தச் சாமியார் முன்னாடியும், எந்த ஜோசியக்காரன் முன்னாடியும் உக்காராத. திரும்பி வந்து எத்தன பேர் வேணாலும் வெச்சுக்க."

"டிக்கெட் விக்கிறவளுக்கு ஜோசியக்காரன் மேல என்ன பயம்? உன் குட்டு வெளிய வந்துருமோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "என் குட்டு ரொம்பச் சின்னது அம்மாச்சி. கோழிக்கடைக்காரருக்கே தெரியும்."

வெளியே வந்ததும் நேராகச் சேங்கிடம் போய்க் கேட்டேன். சும்மா விடுகிறவளா நான்?

"தாவா? நல்ல பொண்ணுதான்" என்றான் சேங், கோழியைப் புரட்டிக்கொண்டே. "பேருதான் மூணு. கடைப் பலகையில உதும்போன். ரசீதுல பிம்சிரி. அடையாள அட்டையில நந்தாபட். எனக்கெதுக்கு வம்பு, நான் தாவுன்னு கூப்பிட்டுக்கறேன்."

எங்கள் பக்கம் பெயர் மாற்றுவது ஒன்றும் அதிசயமில்லை. பிறந்த கிழமைக்கு ஆகாத எழுத்து பெயரில் இருந்தால் கெடுதல் என்று சாமியார் சொல்வார், வட்ட அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவார்கள். என் தங்கை மகன் லாட்டரி விழவில்லை என்று மாற்றினான், மாற்றியும் விழவில்லை. ஒரு தடவை மாற்றினால் அதிர்ஷ்டத்துக்கு. மறுபடியும் மாற்றுகிறவள் எதையோ பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறவள். இது என் கணக்கு, யார் சொல்லியும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

டிக்கெட் போட்டுச் சில வாரங்களுக்குள் புவாலை போனில் வந்தாள். அங்கே எங்கள் ஊர்ப் பெண்கள் கூடும் இடத்தில் ஒரு ஜோசியக்காரி பார்த்தாளாம். புதன்கிழமை பிறந்த பெண்ணுக்கு ரத்சனி என்ற பெயர் ஆகாது, இந்தப் பெயரோடு கடல் தாண்டினால் தாய்க்கும் ஆகாது என்றாளாம்.

"தாவ் அக்கா மாத்தக் கூடாதுன்னாங்கம்மா" என்றாள் பிரிக்.

"டிக்கெட் விக்கிறவ டிக்கெட் விக்கட்டும். நம்ம வீட்டுப் பேருல அவளுக்கென்ன?" என்றாள் புவாலை.

பிள்ளைத்தாய்ச்சி கேட்கும்போது யார் மறுப்பது? கோயில் சாமியார் திதாபா என்று எழுதிக் கொடுத்தார். புதுப் பெயரில் அடையாள அட்டை வந்தது, பாஸ்போர்ட் வந்தது, பாங்காக் போய் விசாவும் வாங்கியாயிற்று. தாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் எதையாவது பிடுங்கப் பார்ப்பாள் என்று புவாலை பயந்தாள்.

புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நெருங்கிய நேரம். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போகும்படி தாவ் கூப்பிட்டாள். பிரிக் பாஸ்போர்ட்டை நீட்டினாள். தாவ் திறந்து பார்த்தாள். வாயிலிருந்த மாங்காயை மெல்லாமல் அப்படியே நிறுத்தினாள்.

"யாரு கண்ணு இந்தத் திதாபா?"

"நாந்தாங்க்கா."

தாவ் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன், பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "டிக்கெட்டுல ரத்சனி. பாஸ்போர்ட்டுல திதாபா. கவுண்டர்ல நிக்கிறவனுக்கு இது ரெண்டு ஆளு" என்றாள்.

"வேற டிக்கெட் போட்டுருங்கக்கா."

"திருவிழா நேரம். தேடிப் பாக்கறேன்." தட்டித் தட்டிப் பார்த்தாள். "உங்க அம்மாவுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி எதுலயும் எடமில்ல."

பிரிக் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அம்மா என்னைய எதிர்பாத்துட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

தாவ் என் பக்கம் திரும்பினாள். "ஒரு வழி இருக்கு. வட்ட அலுவலகத்துல குடுத்த பேர் மாத்தின தாள், அசலு, அதக் காட்டினா விமானக் கம்பெனி பேரத் திருத்தித் தரும். அவங்க பாங்காக் ஆபீச நாளைக்கு மத்தியானத்தோட திருவிழாவுக்கு மூடிடுவாங்க. நான் இப்பவே பஸ் ஏறினா நேர்ல குடுத்து முடிச்சிருவேன். தாளக் குடுங்க அம்மாச்சி."

தாள் என் துணிப்பையில்தான் இருந்தது. அதை நான் எங்கும் விட்டுவிட்டு வருவதில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

"குடுக்க மாட்டேன். நாங்களே கொண்டு போறோம்."

"ஏஜெண்டு போட்ட டிக்கெட்ட ஏஜெண்டுதான் திருத்தணும். உங்ககிட்ட வாங்க மாட்டாங்க."

"அதெப்படி எல்லாம் உன் கையிலயே வந்து முடியுது? மூணு பேருக்காரிகிட்ட என் பேத்தி பேரக் குடுத்தா, நீ அத நாலாவதா வெச்சுக்குவ."

"அம்மாச்சி!" என்று பிரிக் தலையைத் தூக்கினாள்.

தாவ் எழுந்து உள்ளே போனாள். போலீசைக் கூப்பிடப் போகிறாளோ, பின்பக்கமாக ஓடப் போகிறாளோ என்று நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இரண்டு தாள்களோடு வந்து என் மடியில் வைத்தாள்.

"என்னோடது. ரெண்டு தடவ மாத்தினதுக்கு ரெண்டு தாளு, ரெண்டும் அசலு. இது இல்லாம நான் கடைய விக்க முடியாது, ஓடவும் முடியாது. நான் வர்ற வரைக்கும் நீங்க வெச்சுக்குங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு பழைய கரண்டு பில்லக் குடுக்கறியா?"

பிரிக் படித்துக் காட்டினாள். நான் நம்பவில்லை, டிக்கெட்டுக்காக அவள் எதையும் படிப்பாள். சேங்கைக் கூப்பிட்டேன். அவன் எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தான். "அசலுதான் அம்மாச்சி. முத்திரை இருக்கு. உதும்போன் பிம்சிரி ஆனது ஒண்ணு, பிம்சிரி நந்தாபட் ஆனது ஒண்ணு."

"ஏன் ரெண்டு?" என்று தாவைக் கேட்டேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "படிக்கிறப்ப எங்க பாட்டுக்குழு ஜப்பான் போச்சு. அம்மாவுக்குப் பயம், கெளம்பறதுக்கு முன்னாடி சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பேர மாத்திருச்சு. புதுப் பேருல பாஸ்போர்ட்டு, பழைய பேருல டிக்கெட்டு. கவுண்டர்ல நிறுத்திட்டாங்க. கூட வந்தவங்க எல்லாம் போய்ட்டாங்க. அம்மா கட்டிக் குடுத்த ஒட்டுற அரிசிச் சோத்த அங்கயே பெஞ்சில உக்காந்து தின்னுட்டுப் பஸ் ஏறி வந்தேன்."

"ரெண்டாவது?"

"புருசன் விட்டுட்டுப் போனப்ப. அம்மா திரும்பவும் கூப்பிட்டுச்சு. போனேன். அதுக்கு வேற என்ன தெரியும் பாவம்?"

"அப்புறம் எப்பத்தான் பறந்த?"

"இன்னும் பறக்கல அம்மாச்சி. பஸ்ஸோட சரி."

"ருசி பாக்காத சமையக்காரிகிட்டயா நாங்க சாப்பிடறோம்?"

"பசிச்சவ சமைச்சா உப்ப மறக்க மாட்டா" என்றாள்.

கதையைக் கேட்டு மனம் இளகிக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். கதை யாரும் சொல்லலாம். ஒரு தாளுக்கு இரண்டு தாள் என் மடியில் இருந்தது, அதனால் கொடுத்தேன்.

அவள் வரும்வரை நான் அந்தக் கடையை விட்டு நகரவில்லை. ராத்திரி சேங்கின் பெண்டாட்டி பாய் கொடுத்தாள், மறுநாள் விடிந்ததும் மறுபடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். தாள்கள் என் ரவிக்கைக்குள். டிக்கெட் விசாரிக்க ஒரு பையன் வந்தான்.

"அக்கா இல்லியா?"

"பாங்காக் போயிருக்கா. நீ பேர மாத்தியிருக்கியா?"

"நானா? இல்லியே."

"மாத்தாத. போய்ட்டு நாளைக்கு வா."

அன்று மாலையே தாவ் வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, சட்டை முழுக்கத் திருவிழாத் தண்ணீர். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரே டிக்கெட்டிலும். என் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நனையாமல் கொண்டுவந்திருந்தாள். சேங்கை மறுபடி கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். "கோழி கருகுது அம்மாச்சி" என்று முனகிக்கொண்டே வந்து படித்தான். சரியாகத்தான் இருந்தது.

தாவ் கையை நீட்டினாள், அவளுடைய தாள்களுக்காக.

"அவ போய்ச் சேரட்டும்" என்றேன்.

"சரி அம்மாச்சி." கையை மடக்கிக்கொண்டாள்.

பிரிக் கிளம்பிய அன்று, பயணம் போகிறவளின் உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்க, வீட்டில் உயிரழைத்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினோம். தாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கட்டி மீந்த நூலை அவள் கையிலும் கட்டினேன்.

"எனக்கெதுக்கு? நான் எங்க போறேன்?"

"பேசாம இரு, முடிச்சு விழணும்."

பிரிக் போய்ச் சேர்ந்தாள். பையன் பிறந்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். போனில் மூன்று பேரையும் சேர்த்துக் காட்டினார்கள், புவாலை சிரித்துக்கொண்டே அழுதாள். சாமியார் வைத்த பெயர்தான் காப்பாற்றியது என்கிறாள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

தாவுடைய தாள்களா? பிரிக் நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்றேன். போன டிக்கெட் சரி, வருகிற டிக்கெட்டை யார் பார்த்தது? தாவ் அதற்கும் சரி என்றாள். வாராவாரம் வருவாள், நான் மிளகாயோடு இடித்த பப்பாளிக்காயைக் காரம் தாங்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்பாள், தாளைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். தன் பொருளைக் கேட்காத மனுஷியை நான் பார்த்ததில்லை. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன வாரம் கேட்டுவிட்டாள். தட்டை வழித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அம்மாச்சி, அந்த ரெண்டாவது தாள் மட்டும் கொஞ்சம் வேணும். பாஸ்போர்ட் எடுக்கப் போறேன்."

"எங்க போற?"

"ஜப்பானா இருக்கலாம். இன்னும் டிக்கெட் போடல."

"உன் கடையிலதானே போடற?"

"எனக்கு வயசு தாண்டிருச்சு. முழு விலை."

நான் எழுந்து போய்த் தகரப்பெட்டியைத் திறந்தேன். எது இரண்டாவது என்று எனக்குத் தெரியாது, அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்ததை அவள் பையில் வைக்கும் முன் சொன்னேன்: "போய்ட்டு வர்ற வரைக்கும் எந்தச் சாமியார் முன்னாடியும் உக்காராத."

இன்னொரு தாள் பெட்டியில்தான் இருக்கிறது. பிரிக் வரட்டும்.