ரூலோட்டுக்குக் கட்டின வேலி

அன்று முற்றத்தில் நின்றவர்கள்: சிஞ்ஞோரே. சிஞ்ஞோரா. சிஞ்ஞோராவின் தாய். அவர்களுடைய நாய். என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார்க்காரன். நான்.

இத்தாலியில் வீட்டு ஐயாவைச் சிஞ்ஞோரே என்பார்கள், அம்மாவைச் சிஞ்ஞோரா. சிஞ்ஞோரேக்கு மருந்துக்கடை. நான் அவர்கள் வீட்டில் வேலை. நாலு வருசம். சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்குவது, நாயைக் கொண்டு நடப்பது, கிழவியைக் கொண்டு நடப்பது. பலேர்மோவில் எங்கள் ஆட்கள் இருக்கிற அல்பெர்கேரியாவில் இருந்து காலமை நடந்து போவேன். வேலை முடிய நடந்து வருவேன்.

அது தொண்ணூறுகளில் ஒரு ஓகஸ்ட். சிஞ்ஞோரே புது ரூலோட் வாங்கியிருந்தார். ரூலோட் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் உள்ளே இருக்கும். இஞ்சத்தைய ஆட்கள் வெயில் காலத்தில் அதைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டு, மாதம் முழுக்க அதில் இருப்பார்கள்.

இவர்களின் கடற்கரை பகேரியா தாண்டிப் போகவேண்டும். கடைசித் துண்டு றோட்டுக்குத் தார் இல்லை. சல்லிக்கல். முந்தின வருசம் பழைய ரூலோட்டை அதால் இழுத்துப் போனபோது காரின் பின்சில்லு கிளப்பின கல் எல்லாம் ரூலோட்டின் முகத்தில் அடித்தது. கண்ணாடி வெடித்தது. முன்பக்கம் அம்மை வந்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு வேறு கவலை. என் பெர்மெசோ அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அது இல்லாமல் இந்த நாட்டில் இருக்க ஏலாது. புதுப்பிக்க வேலை தருகிறவரின் கடிதம் வேண்டும். கடிதம் அடித்து ஆயத்தமாய் அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. ஜூனில் கேட்டேன். ஜூலையில் கேட்டேன். என் மனிசி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். பெர்மெசோ சரியாய் இருந்தால்தான் அவளைக் கூப்பிடலாம்.

மூன்றாம் தரம் கேட்டபோது சிஞ்ஞோரே சொன்னார்.

"ரூலோட்டை ஒரு கீறல் இல்லாமல் கடற்கரைக்குக் கொண்டு வந்து சேர். அங்கையே கையெழுத்துப் போடுறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "அவர் பகிடி விடுறார்" என்று சிஞ்ஞோராவும் சொன்னாள். அவளும் லாச்சியைத் திறக்கவில்லை. பகிடியோ இல்லையோ, எனக்கு வேலையைச் செய்யத்தான் வழி.

சந்தைப் பக்கம் டயர் ஒட்டுகிற கடை ஒன்று இருந்தது. காருக்குள் காலுக்குப் போடுகிற பழைய ரப்பர் விரிப்புகளை அவன் வெளியே எறிந்து வைத்திருந்தான். கேட்டேன். தூக்கிப் போ என்றான். மன்னார்க்காரனும் நானும் இரண்டு நடை சுமந்தோம். கழுவிக் காயவைத்தோம்.

புறப்படுகிற அன்று விடிய வேலையைத் தொடங்கினோம். முதலில் ரூலோட்டின் முகத்துக்கு ஒரு படுக்கை விரிப்பு. ரப்பர் பட்டு ரூலோட்டின் வெள்ளை மைப்பூச்சு கறுக்கக் கூடாது என்று. அதற்கு மேல் ரப்பரை நிரை நிரையாய்க் கட்டினோம். ஊரில் தென்னோலைக் கிடுகால் வேலி அடைக்கிற மாதிரித்தான். கீழ் நிரை முதல். அதன் தலைக்கு மேலே அடுத்த நிரையின் கால் வரும். அதற்கு மேல் அடுத்தது. நாலு நிரை. அடி நிரையின் விளிம்பை உள்ளே மடித்து இறுக்கிக் கட்டினேன். கீழால் கல் போகக் கூடாதே.

கை தன்பாட்டில் செய்தது. நான் யோசிக்கவில்லை.

"வடிவாய் இருக்கு அண்ணை. ஒரு படலையும் வைச்சால் ஊர்தான்" என்றான் மன்னார்க்காரன்.

"கயித்தைப் பிடி."

"ஆடு ஒண்டும் கட்டுவமோ?"

"வாயை வைச்சுக்கொண்டு பிடி."

ரூலோட்டில் கயிறு கொழுவ இடம் இல்லை. வழுவழு என்றிருந்தது. உடம்பைச் சுற்றித்தான் கட்டவேண்டும். சுற்றினால் கதவுக்கு மேலாலும் கயிறு போகும். போகட்டும், போய்ச் சேர்ந்து அவிழ்க்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சிஞ்ஞோரே காரைக் காட்டினார். முன்னால் அவரும் சிஞ்ஞோராவும். பின்னால் கிழவி, நாய், தொலைக்காட்சிப் பெட்டி, தர்ப்பூசணிப் பழங்கள்.

"நீ ரூலோட்டுக்குள்ளை இரு. அலுமாரிக் கதவுகளைப் பிடி. யன்னல் சீலையை இழுத்து விடு. பொலிஸ் கண்டால் என்ரை லைசென்ஸ் போயிடும்."

ஓடுகிற ரூலோட்டில் ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். இல்லை என்று சொல்ல என்னால் ஏலாது. அதுவும் இரண்டு பேருக்கும் தெரியும்.

உள்ளே ஏறினேன். மன்னார்க்காரன் கதவுக்கு மேலால் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"அண்ணை, உங்களைப் பார்சல் கட்டிப்போட்டன். முத்திரை ஒட்டவோ?"

"வேலைக்குப் போ. பிந்தப்போறாய்."

"மூச்சு விட ஓட்டை கிடக்கோ?"

"கிடக்கு. போ."

கார் வெளிக்கிட்டது. முன் கண்ணாடி ரப்பருக்குப் பின்னால் இருந்ததால் எனக்கு முன்பக்கம் ஒன்றும் தெரியாது. பக்கத்து யன்னல் ஒரு சாண்தான் திறக்கும். வெக்கை. நிலத்தில் குந்தி, ஒரு கையால் அலுமாரியையும் மற்றக் கையால் கோப்பைப் பெட்டியையும் பிடித்துக்கொண்டேன். தார் றோட்டு முடியும்வரை பரவாயில்லை.

சல்லி தொடங்கியது. முதல் கல் பட்டது. ரப்பரில் பட்ட சத்தம், பொத்தென்று. அடுத்தது. அதுவும் பொத்தென்றுதான். நல்லாய்க் கட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். கையெழுத்து வந்துவிட்டது என்றும் நினைத்தேன்.

கொஞ்சத் தூரத்தில் சத்தம் மாறியது. பொத்தென்று இல்லை. கரகரவென்று. அம்மியில் அரைக்கிற மாதிரி. என் தலைக்கு நேரே, சுவரின் மற்றப் பக்கம். அதுவும் விடாமல்.

அப்போதுதான் விளங்கியது. கிடுகு மழைக்குக் கட்டுகிறது. மழை மேலே இருந்து வரும். அதனால் மேல் நிரை கீழ் நிரையை மூடவேண்டும். கல் மேலே இருந்து வராது. கீழே இருந்து கிளம்பி வரும். நான் கட்டின ஒவ்வொரு நிரையும் கீழே வாய் திறந்து நின்றது. கல் அதுக்குள்ளால் ஏறி, கீழ் நிரையின் தலையைத் தாண்டி, ரப்பருக்குப் பின்னால் விழுந்தது. அடியை நான்தான் இறுக்கிக் கட்டியிருந்தேன். விழுந்தது வெளியே போக வழியில்லை. றோட்டில் கிடந்த கல்லைப் பையில் பிடித்து, சுவரோடு வைத்துத் தேய்த்துக்கொண்டு போகிறோம்.

நிற்பாட்டினால் பத்து நிமிச வேலை. அடியை அவிழ்த்துவிட்டால் போதும்.

கதவைத் தள்ளினேன். கயிறு விடவில்லை. மன்னார்க்காரனின் தகப்பன் கடற்றொழில். அவன் போட்ட முடிச்சு. சுவரில் குத்தினேன். கத்தினேன். சல்லிச் சத்தத்துக்குள் யாருக்குக் கேட்கும்?

யன்னல் இருந்தது. கையை வெளியே விடலாம். சீலையை இழுத்துவிடச் சொன்னவர் சிஞ்ஞோரே. பொலிஸ் கண்டால் அவருடைய லைசென்ஸ். அது போனால் என் கடிதமும் போகும். விடாவிட்டால் மை போகும். அப்பவும் கடிதம் போகும்.

பிறகு துவாயை எடுத்து யன்னலால் விட்டு ஆட்டினேன்.

காரின் பின் ஆசனத்தில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள். யன்னல் இடுக்கால் முகத்தை நீட்டினதில் அவள் தலை தெரிந்தது. துவாயைக் கண்டுவிட்டாள். நான் இன்னும் பலமாய் ஆட்டினேன். அவள் கைப்பையைத் திறந்து மூக்குத் துடைக்கிற லேஞ்சியை எடுத்தாள். எடுத்து எனக்கு ஆட்டினாள். நல்ல சந்தோசமாய் ஆட்டினாள். கடற்கரை வரும்வரை ஆட்டினாள்.

போய் நின்றதும் சிஞ்ஞோரே கத்தியால் கயிற்றை அறுத்துக் கதவைத் திறந்தார். என் சேட்டு நனைந்திருந்தது. முன்பக்கம் போய் அடி நிரையை அவிழ்த்தேன். கல் சொரிந்தது. படுக்கை விரிப்பு கிழிந்து தும்பாய்க் கிடந்தது.

சிஞ்ஞோரே விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மேல்பாதியில் ஒன்றும் இல்லை. கண்ணாடி முழுசாய் இருந்தது. கீழே, மை உரிந்த இடங்கள் முப்பத்தொன்று.

"இதை யார் கட்டினது?"

"நான்தான்."

"அவன் பாவம், கண்ணாடி தப்பிட்டுதே" என்றாள் சிஞ்ஞோரா.

"நல்லாய்க் கை காட்டினான்" என்றாள் கிழவி.

சிஞ்ஞோரே சத்தம் போடவில்லை. கடிதம் பலேர்மோவில், லாச்சிக்குள் இருக்கிறது என்றார். கொண்டு வரவே இல்லை. "செப்டெம்பரிலை பார்ப்பம்."

பகிடியா இல்லையா என்று நான் பிறகு கேட்கவில்லை.

அந்த மாதம் முழுக்கக் கடற்கரையில் இருந்தேன். அங்கிருந்து பஸ் இல்லை. சமைத்தேன், கோப்பை கழுவினேன், நாயைக் கொண்டு நடந்தேன். மத்தியானத்தில் அவர்கள் படுக்கிற நேரம் உரிந்த இடத்தை உரஞ்சி வெள்ளை மை பூசினேன். மாதக் கடைசி வந்தது. பெர்மெசோ முடிந்தது. அன்றும் மீன் பொரித்தேன்.

செப்டெம்பர் நடுவில் கையெழுத்துப் போட்டார். பேனையைத் தேடி எடுத்து, நின்றபடியே போட்டார். அரை நிமிசம் ஆகவில்லை. பெர்மெசோ குடுக்கிற கந்தோரில் தவணை பிந்திவிட்டது என்றார்கள். முதலில் இருந்து தொடங்கவேண்டும். போட்டோ, படிவம், வரிசை. மனிசிக்குக் கடிதம் எழுதினேன். இப்ப வர ஏலாது, கொஞ்சம் இரு என்று. ஏன் என்று எழுதவில்லை. ரப்பர், கிடுகு, கல் என்று எழுதினால் அவளுக்கு என்ன விளங்கும்?

இருந்தாள். அந்த ஓகஸ்டில் இருந்து அவள் வந்து இறங்கின நாள்வரை நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது மாதம்.