துதிக்கு மூன்று, ஜெபத்துக்கு நான்கு

ஹைதராபாத் குகட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல்மாடி அரங்கில் எங்கள் தமிழ்ச் சபை கூடியது. வாடகை அரங்கு என்பதால் ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை நாங்களே அடுக்கிவைக்க வேண்டும். எனக்குக் கணினியில் தமிழ் அடிக்கத் தெரியும் என்பதால் மிஷனரிக் கடிதம் என் வேலையாயிற்று.

கடிதத்துக்கு விதிகள் இருந்தன. ஒரே பக்கம். மேலே பிள்ளைகளோடு ஒரு புகைப்படம். துதிக் குறிப்புகள் மூன்று, ஜெபக் குறிப்புகள் நான்கு. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். ஒரு பிரதி ஊழியத்துக்குப் போனவரின் வீட்டுக்குத் தபாலில் போக வேண்டும். விதிகளைச் சொன்னவர் மிஷனரிக் குழுச் செயலாளர், மூன்று தலைமுறையாகச் சிக்கந்தராபாத்தில் இருக்கும் குடும்பம், எங்கள் எல்லோருக்கும் அங்கிள். எனக்கு விதிகள் பிடிக்கும்.

அந்த வருடம் சபை வெளிநாட்டுக்கு அனுப்பியது என் அறைத்தோழியை. கோவில்பட்டிக்காரி, என்னைவிட ஒரு வயது இளையவள், என்னை அக்கா என்பாள். வேலையை விட்டுவிட்டு, மலாவியில் ஒரு மிஷன் பள்ளியில் இரண்டு வருடம் கணினி கற்றுக்கொடுக்கப் போனாள். சந்தைக்குப் போகும் நாளில் அங்கே ஓர் இன்டர்நெட் கடையிலிருந்து எனக்கு மெயில் அனுப்புவாள். அதைத்தான் நான் கடிதமாக்குவேன்.

முதல் மெயில்களில் மழையும் சோளக் கூழும் பிள்ளைகளின் பாட்டும் இருந்தன. ஆறாம் மாத மெயில் வேறு மாதிரி இருந்தது. கணினி ஒன்றுகூட வரவில்லை. விடுதியில் அறுபது பேருக்கு அவள் சமைக்கிறாள். இரண்டு முறை மலேரியா. பாஸ்போர்ட்டை விடுதிப் பொறுப்பாளர் வாங்கிப் பூட்டிவைத்திருக்கிறார், கேட்டால் சிரிக்கிறார். கடைசியில் எழுதியிருந்தாள்: “எனக்கு வீட்டுக்கு வரணும் அக்கா. அம்மாவுக்குப் போற லெட்டர்ல இதை அப்படியே போடுங்க. போன்ல பேசும்போது அந்த ஆள் பக்கத்துலயே நிக்கிறார்.”

அச்சடித்துக்கொண்டுபோய் அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

“இதெல்லாம் நக்கோம்மா, போட வேணாம். இதைப் படிச்சா அடுத்த வருஷம் யார் தன் பிள்ளையை அனுப்புவா?”

“அவ வரணும்னு எழுதியிருக்கா, அங்கிள்.”

“ஹவ், ஆமா, ஆறாம் மாசம் எல்லாருக்கும் அப்படித்தான். சோர்வு. நீ ஆபீஸ்ல கண்டுபிடிக்கிற தப்பையெல்லாம் கஸ்டமருக்கா எழுதி அனுப்புறே?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒருவர் ‘கடுமையானது’ என்று பதிவு செய்த பிழையை அவருக்குத் தெரியாமல் ‘சாதாரணம்’ என்று மாற்றிய டீம் லீடரோடு சண்டை போட்டிருக்கிறேன். சபைக்காக அதையே அரை மணி நேரத்தில் செய்துமுடித்தேன். பிள்ளைகளுக்கு உணவளிக்கும் கூடுதல் பொறுப்பைக் கர்த்தர் தந்ததற்காக, துதி. இரண்டு முறை காய்ச்சலிலிருந்து விடுவித்ததற்காக, துதி. வீட்டு நினைவால் வரும் சோர்வு நீங்க, ஜெபம். பாஸ்போர்ட் எந்தக் குறிப்பிலும் இல்லை. அவள் அம்மாவின் எண் என் போனில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபித்தது. அவர்கள் நடிக்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த பொய்யை உண்மையாகவே கடவுளிடம் கொண்டுபோனார்கள்.

பத்து நாள் கழித்து அலுவலகத்தில் அவளுடைய மெயிலைத் திறந்தேன். “லெட்டர் வாசிச்சேன், பொறுத்துக்கோம்மான்னு அம்மா சொல்றாங்க. பாஸ்போர்ட் விஷயம் தெரிஞ்சும் அம்மா இப்படிச் சொன்னா, நான் வேற யார்கிட்ட கேக்க?”

மாடிப்படிக்குப் போய்க் கோவில்பட்டிக்குக் கூப்பிட்டேன். இரண்டு மெயில்களையும் வரி விடாமல் வாசித்தேன். முடித்ததும் அவள் அம்மா கேட்டார்:

“அப்ப எனக்கு வந்த லெட்டரு?”

“நான் எழுதுனதும்மா.”

“எம்புள்ள எழுதுன மாதிரியே இல்லையேன்னுதான் நெனச்சேன்,” என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் எங்கள் சபைக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து ஆராதனை முழுவதும் இருந்தார். முடிந்ததும் நாங்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினோம். அவர் எழவில்லை. சபையில் ஒரு அக்கா வந்து, “ஆன்ட்டி, ஹாலைக் காலி பண்ணணும்” என்றதும், நான் அச்சடித்துக் கொடுத்து மடியில் வைத்திருந்த மெயிலை அந்த அக்காவின் கையில் கொடுத்தார். அந்த அக்கா நின்றபடியே வாசித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். மற்ற நாற்காலிகளெல்லாம் அடுக்கப்பட்டு, அந்த ஒரு நாற்காலி மட்டும் நடுவில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் கிளம்பவில்லை.

“அம்மா, இது குழு கூடிப் பேச வேண்டிய விஷயம்,” என்றார் அங்கிள்.

“பேசுங்க. பாஸ்போர்ட் கையில வந்துட்டுன்னு எம்புள்ள வாயால சொல்லட்டும். அப்புறம் எந்திரிக்கேன்.”

அங்கிள் போனை எடுத்து மலாவிக்குப் பேசினார். ஆறு மாதமாக முடியாதது அன்று மாலை நான்கு மணிக்குள் முடிந்தது; பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டதென்று அவளே போனில் அம்மாவிடம் சொன்னாள். அது அவ்வளவு எளிதாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு போன். அவர் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

மூன்று வாரத்தில் அவள் வந்தாள். பேகம்பேட்டை விமான நிலையத்தில் அவள் அம்மாவோடு நானும் நின்றேன். கழுத்தெலும்பு தெரிய, தள்ளுவண்டியைப் பிடித்தபடி என்னிடம் கேட்டாள்: “லெட்டர்லேர்ந்து எதை எடுக்கணும்னு யாருக்கா சொன்னது?”

“அங்கிள் சொன்னார். நான் எடுத்தேன்.”

தலையசைத்தாள். அறைக்கு வரவில்லை. அன்றே அம்மாவோடு ஊருக்கு ரயிலேறிவிட்டாள். என் மெயில்களுக்கு இதுவரை பதிலில்லை. அவள் பதில் போடாததில் எனக்குக் குறையில்லை.

அடுத்த மாதக் கடிதத்தை அடிக்க மாட்டேன் என்று அங்கிளிடம் சொல்லிவிட்டேன். “ரெஸ்ட் எடும்மா,” என்றார் அன்பாக. முதல் ஞாயிறு வழக்கம்போல எல்லோர் கையிலும் கடிதம் இருந்தது. புகைப்படத்தில் அதே பிள்ளைகள். முதல் துதிக் குறிப்பு: நம் சகோதரி ஊழியத்தை நிறைவுசெய்து சுகமாய்த் திரும்பியதற்காக.