மூன்றாவது ஃபியூஸ் கட்டை

எங்கள் வீட்டுக்குக் கரண்டில் ஓடும் தட்டு வெட்டும் மெஷின் வந்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. எருமைகளுக்கான சோளத்தட்டைக் கத்தை கத்தையாக உள்ளே கொடுத்தால், சக்கரத்தில் பூட்டிய கத்தி பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளும். இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் அதைப் பிடித்திருந்தது. ஒருவர் பெரியப்பா. இன்னொருத்தி நான்.

பெரியப்பாவின் காரணம் ஊரறிந்தது. எருமை கட்டும் இடத்தில் கரண்டு வந்தால் பால் வற்றிவிடுமாம். என் காரணம் கொஞ்ச நாள் கழித்து வந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்தி, காலையில் தட்டு வெட்ட வைக்கலாம் என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா அந்தக் கோடை முழுக்க அப்பாவை நச்சரித்து மெஷினை வாங்க வைத்தாள். சரி, மெஷின் ஓடுகிற வரைக்கும் பிள்ளை படிக்கட்டும் என்று பெரியப்பா இறங்கி வந்தார். நானும் பஸ் ஏறி ஹைஸ்கூலுக்குப் போனேன். அங்கே கணக்கு வாத்தியார் விரல் முட்டியைக் குறிபார்த்து அடிப்பார். தட்டு வெட்டுவதே மேல் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினைப் பிடிக்காது என்றாலும் சாமி காரியத்தில் பெரியப்பா குறை வைக்க மாட்டார். ஏருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்த கையோடு மோட்டார், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசினார்.

மறுநாள் காலை பச்சைப் பொத்தானை நான்தான் அமுக்கினேன். மோட்டார் உறுமியது. சக்கரம் அசையவில்லை. அப்பா அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தார். பெரியப்பா எட்டிப் பார்த்து, மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் முகத்தில் வருத்தம் துளியும் இல்லை. லீவு முடிந்து மறுநாள் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். எனக்கும் உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அம்மா சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "பெரியப்பாகிட்டச் சொல்லு கண்ணு. எரிஞ்சிருந்தா நாத்தம் வருமுங்கன்னு."

கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்தக் காலத்து முறை. இருவருக்கும் நடுவே தபால்காரி நான். இரண்டடி தூரத்தில் நிற்பவரிடம் அவர் காதிலேயே விழுந்துவிட்ட பேச்சை நான் மறுபடி ஒப்பிக்க வேண்டும்.

அம்மா வேலையைத் தொடங்கினாள். கல்யாணத்துக்கு முன் தன் அப்பா, அதாவது என் அப்புச்சி, வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு ஃபியூஸ் கட்டியவள் அவள்தான். முதலில் பெல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். லேசாகச் சுற்றியது. பெல்ட் இல்லாமலே மோட்டாரைப் போட்டாள். அப்போதும் உறுமலைத் தவிர ஒன்றுமில்லை. அதே லைனில் ஓடும் கிணற்று மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் கொட்டியது. ஆக, வருகிற கரண்டில் குறையில்லை, கத்தியிலும் குறையில்லை. வீட்டிலிருந்து ஒரு பல்பைக் கழற்றி ஒயரோடு கொண்டுவந்தாள். அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பலகைமேல் ஏறி, மெஷினுக்குப் போகும் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். முதல் இரண்டிலும் பல்பு எரிந்தது. மூன்றாவதில் எரியவில்லை. மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று வராவிட்டால் மோட்டார் இப்படித்தான் உறுமிக்கொண்டு நிற்குமாம்.

மெயினை நிறுத்திவிட்டு அந்தக் கட்டையைப் பிடுங்கினாள். உள்ளே கம்பி அறுபடாமல் முழுசாக இருந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அம்மா கட்டையை வெளிச்சத்தில் திருப்பினாள். கரண்டு தொட்டுப் போக வேண்டிய பித்தளை நாக்கு இரண்டிலும் சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது, நடுவே குங்குமம் வேறு. சாமி உள்ளேயும் இருக்கட்டும் என்று பெரியப்பா கட்டையைக் கழற்றிப் பூசியிருக்கிறார். மற்ற இரண்டும் இறுக்கமாக இருந்ததால் அவர் பக்தியிலிருந்து தப்பித்திருக்கின்றன.

அம்மா சுரண்டுவதற்கு ஒரு சின்னக் கத்தியை எடுத்தாள்.

"பூசை வெச்ச சந்தனத்தத் தொடச்சா இந்த ஊட்டுல அவளுக்குச் சோறு இல்லீன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு," என்றார் பெரியப்பா. தப்பு தன் கையால் நடந்தது என்பதுதான் அவரை அப்படிச் சுட்டிருக்க வேண்டும்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கையமர்த்தினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தொடைக்கத்தானுங்க மாமா போறேன். சோறு போடாட்டிப் போகுதுங்க. எம்புள்ள நாளைக்குப் பஸ் ஏறுவாளுங்க."

எங்கள் ஊரில் எதிர்த்துப் பேசினாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அந்த மரியாதையைக் கேட்டுப் பெரியப்பா ஓரடி பின்னால் போனார். அவர் வாழ்நாளில் அம்மாவின் குரல் அவரை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா சரக் சரக்கென்று சுரண்டினாள். முந்தானையால் துடைத்தாள். கட்டையைச் செருகி, பெல்ட்டை மாட்டி, மெயினைப் போட்டாள்.

"அமுக்கு கண்ணு."

அமுக்கினேன். சக்கரம் சீறிக்கொண்டு சுற்றியது, தட்டுத் தூள் முகமெல்லாம் பறந்தது. நான் ஓவென்று அழுதேன். பிள்ளை சந்தோஷத்தில் அழுகிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை.

அன்று அம்மா வீட்டில் சாப்பிடவில்லை. பெரியப்பாவும் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது, மெஷின் ஓடாமலே இருந்திருக்கலாம் என்று நான் முணுமுணுத்தேன்.

"எனக்குத் தெரியுங் கண்ணு," என்றாள். "நீ வேண்டாமுன்னாலும் போகோணும்."

மறுநாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பியபோது ரோட்டோரம் நின்று கை காட்டினாள். நான் வேண்டுமென்றே காட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்காக ஒருத்தி வீட்டையே எதிர்த்துவிட்டுப் பட்டினியோடு அங்கே நிற்கிறாள் என்பது அப்போது புரியவில்லை. அவளையே எதிர்த்துவிட்ட பெருமையில் பள்ளிக்கூடம் வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.