பத்தொன்பது நாள் புழு

தொழிற்சாலை உணவகத்தின் காய்கறிக் கிடங்கைப் பதினாறு ஆண்டுகள் கவனித்தவரை எல்லோரும் ரசீதக்கா என்றே அழைத்தார்கள். தேதியிட்ட சீட்டில்லாமல் ஒரு கட்டுக் கீரையைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. ஓய்வு பெற்ற பின் அவர் ஏங்குவது அந்தப் பதினாறு ஆண்டுகளுக்காக அல்ல. இடையில் பணியிடைநீக்கத்தில் வீட்டிலிருந்த ஒரு மாதத்துக்காக.

மேலாளரின் தட்டில் ஒரு மதியம், முட்டைக்கோசுக்கு நடுவே விரற்கணு நீளப் பச்சைப் புழு கிடந்தது. “கிடங்கின் அசுத்தத்தால் உற்பத்தியானது” என்று எழுதிக் கையெழுத்திட்டு, ரசீதக்காவைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். கோசு வந்திறங்கி நான்கே நாள். அதற்கு ரசீது இருந்தது. புழுவின் வயதுக்குத்தான் ரசீது இல்லை.

வீட்டுக்குப் பின்னே கோசுப் பாத்தி ஓரம் அவர் காத்திருந்தார். வெள்ளைப் பட்டாம்பூச்சியொன்று இலையடியில் வயிற்றை வளைத்து, சின்னஞ்சிறு புட்டிபோல வெளிர்மஞ்சள் முட்டையொன்றை நிறுத்திவிட்டுப் பறந்தது. இலையோடு கிள்ளி ஜாடியில் போட்டுத் தேதி எழுதினார். ஐந்தாம் நாள் முட்டை பொரிந்தது. தினமும் புது இலை, தினமும் அளவு. அளந்தவர் அவருடைய கணவர், தையற்காரர். இன்று அவர் இல்லை.

“அளவெடுக்கும்போது வயித்த உள்ள இழுக்காத முதல் ஆளு இவன்தான்,” என்பார், நாடாவைப் பிடித்தபடி.

“சும்மா இருங்க. எத்தன?”

“ஒம்பது மில்லிமீட்டர். சாயங்காலம் வந்தா இன்னும் ரெண்டு கூடியிருக்கும். தின்னுறதப் பாரு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.”

முட்டையிட்ட பத்தொன்பதாம் நாள்தான் புழு விரற்கணு நீளத்தை எட்டியது. பிறகு ஜாடிச் சுவரில் ஏறி, இடுப்பில் ஒரு பட்டிழை கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. விசாரணையன்று காலையில் கூடு வெடித்தது. கசங்கிய சிறகுகள் மெல்ல விரிந்தன: வெள்ளை, நுனியில் கருமை, முன்சிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி. பெண்.

விசாரணை அதிகாரி ஜாடியைப் பார்த்தார். “புழு எங்கம்மா?”

“இதுதான் சார். ஒவ்வொரு நாளும் நோட்டுல இருக்கு.”

அவர் பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். “இவ்வளவு நீளம் வரவே பத்தொம்பது நாளா? கோசு உங்ககிட்ட நாலு நாள்தானே இருந்துச்சு?”

“அதைத்தான் ஒரு மாசமா சொல்றேன் சார்.”

“சரி, திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க.”

“வாயால வேண்டாம் சார். எழுத்துல குடுங்க.”

கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கணவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

“நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, நூல் கோக்காமலே கேட்டார்: “அப்போ, பகல்ல இனிமே நான் யாரோட பேசுறது?”