வேனுக்குள் குளியலறை கட்டிய சம்பந்தி

சேதி வந்தபோது நான் நடவு ஆட்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, மாமா போயிட்டாங்க" என்று என் மகள் போனில் சொன்னாள். அவளுடைய மாமனார், என் சம்பந்தி ராசமாணிக்கம். உலையை இறக்கி வைத்து, பரிமாறும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுத் திருவாரூர் பஸ் ஏறினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் நல்லவர் என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றிலும் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன். என் மகள் கல்யாணத்தன்று சீர்த்தட்டோடு வந்த என் அண்ணனை வாசலில் நிற்க வைத்துவிட்டு, ஜெனரேட்டர்காரரோடு மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மகளைப் பார்த்துச் சொல்வேன், அவர் கேட்டுக்கொள்வார். அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவர் எங்களுக்குச் செய்ததும் அதே மனதில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் மாடித் தொட்டித் தண்ணீர் வேகமாக விழும் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் தயவும் இல்லாமல் குளித்துக்கொள்வார். அதனாலேயே வீட்டை விட்டு எங்கும் வர மாட்டார். முத்துப்பேட்டையில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார், தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று சேதி வந்தது. "வழியில வேட்டி அசிங்கமானா என்ன பண்றது? அந்தக் கோலத்துல அக்கா முன்னாடி போய் நிக்க மாட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துக் கொண்டுவந்த காசில் சம்பந்தி பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்னக் குளியலறை எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தார். இதைக் கேள்விப்பட்டதும், "மச்சானை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வந்து நின்றார். ஆனால் அந்த வேனில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். சோப்பு போட்டால் போகாது. பக்கத்தில் ஒருவர் நின்று சொம்பில் மொண்டு ஊற்ற வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரர் சம்மதிக்கவே மாட்டார்.

வீட்டு மாடியில் இருப்பதுபோல் தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும் என்று சம்பந்தி நினைத்தார். வேனின் கூரை மேல் இரும்பு ஸ்டாண்டு அடித்து அதன்மேல் தொட்டியை ஏற்றினார். ஊர் எல்லை வளைவு எவ்வளவு உயரம் என்று யோசிக்கவில்லை. தொட்டி அதில் மோதிப் பிளந்து, டீக்கடை வரைக்கும் தண்ணீர் ஓடியது. "என்ன மாணிக்கம், மேட்டூர் தொறந்தாச்சா?" என்று கடையிலிருந்து ஒருவர் கேட்டார். முழுக்க நனைந்து நின்ற சம்பந்தி, "தொறந்தாச்சுண்ணே, கடைமடைக்குத்தான் இன்னும் வந்து சேரல" என்றார். அவமானத்தையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளத் தெரிந்த மனிதர்.

பிறகு தொட்டியைச் சீட்டுக்கு அடியில் வைத்து, பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டினார். முதல் நாள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மறுநாள் மோட்டார் முனகியதே தவிர, பழையபடி நூல்தான். எங்கள் போர் தண்ணீரில் இரும்புத் துரு அதிகம். குளிக்கிற தண்ணீரையும் சேர்த்து, குடிதண்ணீருக்கு உண்டான நைசான பில்டர் வழியாக விட்டிருந்தார். அது செம்மண் பூசியதுபோல் அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கழற்றினார். மோட்டாருக்கு முன்னால், லேசாகக் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஒரு வலை வடிகட்டி வைத்தார். அதைத் தாண்டியதும் குழாயை இரண்டாகப் பிரித்தார். குளிக்க ஒன்று நேராகப் போனது. குடிக்க ஒன்று மட்டும் பில்டருக்குப் போனது. "ஆகாயத்தாமரையைத் தலைமடையிலயே தடுத்துட்டா, வயல்ல வந்து அரிச்சுக்கிட்டு நிக்க வேணாம்" என்று என் மகளிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை மகள் சொல்லித்தான் அறிந்தேன். தன் வலது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வேன் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மட்டும் குளித்துப் பார்த்திருக்கிறார். சோப்பு எடுக்கும்போது, கையில் பிடித்துக் குளிக்கும் ஷவரை வைக்க இடம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஈரத் துணியோடே வெளியே வந்து, இடது பக்கம் ஒரு கொக்கி அடித்தாராம்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் வேனில் ஏறச் சம்மதித்தார். முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில் அவர் பயந்ததே நடந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே சம்பந்திக்குத் தெரிந்துவிட்டது. வேனைப் புளியமர நிழலில் ஓரம் கட்டினார். உள்ளே கொண்டுபோய் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நானும் இறங்கினேன். கதவு சாத்திக்கொண்டது. மோட்டார் ஓடியது. தண்ணீர் விழுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்தார். "என்னடா, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி வந்திருக்க" என்றார் என் நாத்தனார். அடுத்த தை பிறக்கும் முன்பே நாத்தனார் கண்ணை மூடிவிட்டார்.

சம்பந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் புளியமரத்தடி நேரம்தான். நான் கதவையே பார்த்துக்கொண்டு, விழுந்துவிடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "இப்படித் திரும்பி நில்லும்மா தங்கச்சி. மச்சான் குளிக்கிறாங்க, நாம கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். தானும் வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, அந்த வருடம் குறுவை எப்படி விளைந்தது என்று உரக்கப் பேச ஆரம்பித்தார். கதவு திறக்கும் வரை பேசினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.